பின்சக்கரத்தைக் கழற்றாதே

மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கழற்ற ஒரு சுத்தியலும் ஒரு முட்டுக்கட்டையும் போதும். கடையாணியைத் தட்டி உருவினால் சக்கரம் அச்சைவிட்டு வெளியே வந்துவிடும். வண்டி மை தடவி மாட்டி, ஆணியைத் திரும்பச் செருகினால் வேலை முடிந்தது. சைக்கிள் என்று ஒன்று வந்த பிறகுதான் பின்சக்கரம் பெரிய விவகாரமானது. சைக்கிள் தொழிலின் வரலாறு என்ன என்று என்னைக் கேட்டால், பின்சக்கரத்தைக் கழற்றாமல் எப்படித் தப்பிப்பது என்று மனிதர்கள் யோசித்த வரலாறு என்றுதான் சொல்வேன்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அப்பா ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, மண்டி மொகல்லாவில் சைக்கிள் கடை வைத்தவர். நான் அந்தக் கடையில் வளர்ந்து, பிறகு யாதவகிரி ஜாவா தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய், அது மூடியதும் மறுபடி அதே கடைக்குத் திரும்பியவன். இப்போது கடைக்கு வருகிற வண்டிகளில் மின்சார சைக்கிளும் உண்டு. ஆக மூன்று விதமான பின்சக்கரங்கள் என் கையில் புழங்கியிருக்கின்றன. மூன்றும் மூன்று குணம்.

ஆரம்பத்தில் பின்சக்கரத்துக்கு வேலையே கிடையாது. 1870களில் ஐரோப்பாவில் ஓடிய உயரச் சைக்கிளில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. பின்னால் இருந்தது சின்ன உருளை; விழாமல் இருக்க ஒரு துணை. 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி தன் ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, நடுவில் பெடல், அங்கிருந்து செயின் போய்ப் பின்சக்கரத்தை இழுக்கும். இன்றுவரை நாம் ஓட்டுவது அதைத்தான். அன்றைக்கு ஏறிய பாரம் பின்சக்கரத்தைவிட்டு இறங்கவே இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1888இல், பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சவாரி சுகமானது, பஞ்சர் பிறந்தது. அந்த டயரை ரிம்மோடு ஒட்டி வைத்திருந்தார்கள். ஓட்டை அடைக்க வேண்டுமென்றால் பிய்த்தெடுத்து, ஒட்டி, பசை காயக் காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு சைக்கிள் தங்கள் தொழிற்சாலைக்குப் பழுதுபார்க்க வந்ததைப் பார்த்துத்தான் பிரான்சின் மிஷெலின் சகோதரர்களுக்குக் கழற்றி மாட்டும் டயரைப் பற்றிய யோசனை வந்தது. 1891இல் அது வந்தது. அதே ஆண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் பந்தயத்தில் ஷார்ல் டெரோன் அந்த டயரோடு ஓட்டி ஜெயித்தார். டயரைக் கழற்றலாம் என்று ஆகிவிட்டது. சக்கரத்தைக் கழற்றுவது மட்டும் அப்படியே கஷ்டமாக நின்றது.

மைசூர் சைக்கிளுக்குத் தோதான ஊர். 1897இல் பிளேக் வந்து மக்களை வாரிக்கொண்டு போனது. 1903இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் போர்டு அமைந்தது. நெருக்கமான தெருக்களைத் திறந்து, அகலமான சாலைகளும் புதிய குடியிருப்புகளும் போட்டார்கள். அரண்மனை, தேவராஜ மார்க்கெட், ரயில் நிலையம், 1916இல் வந்த பல்கலைக்கழகம், எல்லாமே மிதித்துப் போகிற தூரத்துக்குள். சாமுண்டி மலையை விட்டுவிட்டால் மிதிக்க முடியாத ஏற்றம் என்று ஊருக்குள் பெரிதாக எதுவும் இல்லை. சுதந்திரத்துக்கு முன் வந்தவை பெரும்பாலும் ராலே, பி.எஸ்.ஏ., ஹம்பர், ஹெர்குலிஸ் என்று சீமை வண்டிகள். வக்கீல், வாத்தியார், அரண்மனைக் குமாஸ்தா வீட்டுத் திண்ணைகளில் அவை நின்றன. 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், லூதியானாவின் ஹீரோ, சோனிப்பட்டின் அட்லஸ் எல்லாம் வந்த பிறகுதான் பால்காரரும் மில் தொழிலாளியும் சைக்கிள் வாங்கினார்கள்.

வண்டி உள்நாட்டில் தயாரானாலும் அச்சு மாறவில்லை. அதே 28 இஞ்ச் சக்கரம், அதே கம்பி பிரேக், முன்னால் 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40. பின்சக்கரத்துக்குக் கூடுதலாக எட்டுக் கம்பி கொடுத்ததிலேயே பாரம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஓட்டுபவர் எடையில் பெரும்பங்கு பின்னால். கேரியரில் மூட்டையோ, மனைவியோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோ பின்னால். மிதிக்கிற இழுவையும் பின்னால்.

அந்தப் பின்சக்கரத்தின் அச்சில் என்னென்ன தொங்கும் என்று இன்றைய பையன்களுக்குத் தெரியாது. பிரேமின் இரண்டு முனைகள். அதற்கு வெளியே மட்கார்டைத் தாங்கும் கம்பி. அப்புறம் ஸ்டாண்டு. அப்புறம் கேரியரின் கால். அப்புறம் வாஷர், நெட்டு. வலதுபுறத்தில் இவற்றோடு பிரீவீல், செயின், செயினை மூடிய முழு டப்பா. நெட்டைத் தளர்த்தினால் இவ்வளவும் தளரும். சக்கரத்தை வெளியே எடுத்து மறுபடி மாட்டும்போது எது உள்ளே எது வெளியே என்ற வரிசை ஒன்று மாறினாலும் ஸ்டாண்டு சாயும், அல்லது மட்கார்டு டயரில் உரசிக்கொண்டு ஊர் முழுக்கக் கேட்கும். வரிசை சரியாக வந்தாலும் வேலை முடியவில்லை. பிரேமில் அச்சு உட்காரும் பள்ளம் நீளமானது; சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் செயினின் தொய்வைச் சரிசெய்ய வேண்டும். அதிகம் இழுத்தால் மிதி கனக்கும், தொய்வாக விட்டால் செயின் கழலும். இழுவை சரியானதும் சக்கரம் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நெட்டை முடுக்கும்போது சக்கரம் மறுபக்கம் சாயும். அப்பா இரு விரலை டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் விட்டுப் பார்ப்பார். அதுதான் அவருக்கு ஸ்கேல்.

அதனால் கடைக்குப் புதிதாக வருகிற பையனுக்கு அவர் சொல்லும் முதல் வார்த்தை, “பேக் வீலைக் கழட்டாதடா.”

பஞ்சருக்கு அதைக் கழற்றவே மாட்டார்கள். வண்டியைத் தலைகீழாகப் போட்டோ, இடப்பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்தோ, டயரின் இடது விளிம்பை மட்டும் லீவரால் நெம்பி எடுத்து, டியூபை அங்கிருந்தே வெளியே இழுப்பார்கள். வால்வு ரிம்மிலேயே இருக்கும். இடப்பக்கம்தான், ஏனென்றால் வலப்பக்கம் செயின் டப்பா வழி விடாது. காற்றடித்து, தண்ணீர்த் தட்டில் டியூபை முக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் குமிழ் விடும் இடம் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காய்ந்ததும் ஒட்டுப் போட்டு, உள்ளே தள்ளி, டயரை அமுக்கிவிட்டால் பத்து நிமிட வேலை. டயரின் உள்பக்கம் விரலை ஓட்டி முள் இன்னும் இருக்கிறதா என்று பார்க்காமல் மூடுகிற பையனுக்கு அப்பாவிடம் குட்டு நிச்சயம்.

டியூபையே மாற்ற வேண்டுமென்றால்தான் சிக்கல். டியூப் ஒரு வளையம். அச்சு பிரேமில் மாட்டியிருக்கும்வரை வளையத்தை அதன்மேல் கொண்டுபோக வழியில்லை. இதற்கும் ஒரு உபாயம் இருந்தது. வலப்பக்க நெட்டைத் தொடாமல் இடப்பக்கத்தை மட்டும் தளர்த்தி, அந்தப் பக்கத்து ஸ்டாண்டையும் கம்பிகளையும் விலக்கி, அச்சு முனைக்கும் பிரேமுக்கும் நடுவில் சந்து உண்டாக்கி, அதன் வழியாக டியூபை நுழைத்துவிடுவார்கள். செயின் பக்கம் அசையாது. நாளெல்லாம் மிதித்துத் திரிகிற டச்சுக்காரர்களும் தங்கள் முழு டப்பா சைக்கிள்களுக்கு இப்படித்தான் ஒட்டுப் போடுவார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. டப்பா ஒன்றாக இருந்தால் புத்தியும் ஒன்றாகத்தானே போகும்.

அப்பா இந்த வித்தைகளை யுத்த காலத்தில் கற்றவர். அசோகா ரோட்டுக் கடை ஒன்றில் எடுபிடிப் பையனாக இருந்தார். 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. புது டயர் என்பது கனவு. ஒட்டுமேல் ஒட்டு போட்டார்கள். கிழிந்த டயருக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வெட்டி கெய்ட்டர் வைத்தார்கள். கைவசம் இருப்பதைக் கழற்றாமல், கெடுக்காமல் ஓட்டுவது என்ற அவருடைய பிடிவாதம் அங்கேயிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

வாடகை சைக்கிள் அவர் கடையின் பாதி வருமானம். மணிக்கு இவ்வளவு பைசா என்று நோட்டில் பெயர் எழுதி, வண்டி எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்வார். தசரா பத்து நாளும் ஒரு வண்டிகூட மிஞ்சாது. சாமுண்டி மலை அடிவாரம் வரை மிதித்துப் போய், வண்டியை அங்கே போட்டுவிட்டு ஆயிரம் படி ஏறி இறங்குவார்கள். நகராட்சி வில்லை இல்லாமல், ராத்திரியில் விளக்கில்லாமல், இரண்டு பேராக ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம் அன்று ஊருக்கு ஊர் உண்டு. காற்றைப் பிடுங்கிவிடுகிற போலீஸ்காரரும் இருந்தார். அப்படிப் பிடிபட்ட பையன்கள் வால்டியூபைத் தேடி எங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.

சக்கரத்தைச் சட்டென்று கழற்றும் வழியை இத்தாலியின் டுல்லியோ கம்பனோலோ 1930 வாக்கிலேயே கண்டுபிடித்துவிட்டார். 1927இல் மலைப்பாதைப் பந்தயம் ஒன்றில் பனியில் விரல் விறைத்துப்போய், பின்சக்கரத்தின் சிறகு நெட்டைத் திருக முடியாமல் தவித்தார், அதிலிருந்து பிறந்தது ஒரு நெம்புகோலில் கழலும் அச்சு என்று கதை சொல்வார்கள். கதை எந்த அளவு உண்மையோ, அச்சு உண்மை. எங்கள் பக்கம் அது வர ஐம்பது அறுபது வருடம் ஆயிற்று. வந்திருந்தாலும் பால்கேனும் கேரியரும் ஸ்டாண்டும் தொங்குகிற அச்சில் அதற்கு இடம் ஏது?

பின்சக்கரத்தை அழகாகக் கழற்ற முடியும் என்பதை நான் பார்த்தது ஜாவாவில். ரஸ்டம் இரானியும் ஃபரோக் இரானியும் செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1960இல் ஐடியல் ஜாவா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மைசூர் யாதவகிரியில் தொழிற்சாலை. மறுவருடம் வண்டி வெளியே வந்தது. 250 சி.சி., இரண்டு சைலன்சர், உதைப்பதற்கும் கியர் மாற்றுவதற்கும் ஒரே லீவர். 1973 முதல் அதே வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வந்தன. எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் வீடும் அதே யாதவகிரியில்தான். ஆனால் அவர் நடந்தே ஊரைச் சுற்றியவர். எங்கள் தொழிலில் யாருக்கும் அவரால் ஒரு பைசா வருமானம் இல்லை.

நான் சேர்ந்தது சக்கரம் கோர்க்கும் இடத்தில். அப்பாவிடம் கம்பி கோர்க்கவும் கோட்டம் எடுக்கவும் பழகியிருந்ததால் கை ஏற்கெனவே தயாராக இருந்தது. அங்கே என்னை அசத்தியது அந்தப் பின்சக்கரத்தின் அமைப்பு. மற்ற மோட்டார் சைக்கிள்களில் பஞ்சர் என்றால் செயினின் இணைப்பைப் பிரிக்க வேண்டும், அல்லது தளர்த்தி இறக்க வேண்டும்; கை முழுக்க கிரீஸ். ஜாவாவில் செயினும் பல்சக்கரமும் மூடிய டப்பாவுக்குள் தனியாக, தங்கள் சொந்தத் தாங்கியில் நிற்கும். சக்கரம் அந்தப் பல்சக்கரத்தோடு ரப்பர்த் துண்டுகள் வழியாக மட்டுமே பிணைந்திருக்கும். பிரேக் கம்பியை விடுவித்து, அச்சின் நெட்டைக் கழற்றி, அச்சைத் தட்டி உருவி, சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் ரப்பரிலிருந்து விலகிக் கையோடு வரும். செயின் இருக்கிற இடத்தில் இருக்கும். இழுவையை மறுபடி அளக்க வேண்டியதில்லை. அந்த ரப்பருக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சினின் உதறல் சக்கரத்துக்கு நேராகப் போகாமல் நடுவில் வாங்கிக்கொள்ளும்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சிநேகிதனின் ஜாவாவில் இதைச் செய்து காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, “கடையாணி வெச்ச வண்டி மாதிரி பண்ணியிருக்கான்” என்றார். ஐரோப்பிய எஞ்சினியர்களுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் அவரிடமிருந்து கிடைத்திருக்காது.

1985இல் ஜப்பானியக் கூட்டில் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் இந்தியச் சாலைக்கு வந்தன. ஒரு லிட்டரில் போகும் தூரம்தான் பேச்சாயிற்று. அப்புறம் புகைக் கட்டுப்பாட்டு விதிகள். எங்களுடையது போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குக் காலம் இல்லை என்பது எங்களுக்கே தெரிந்தது. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஜூலை மாத இரண்டாவது ஞாயிறு இன்றும் மைசூரில் பழைய ஜாவா, யெஸ்டிக்காரர்கள் கூடி ஊர்வலம் போகிறார்கள். பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். சில வண்டிகளின் சக்கரத்தைப் பார்க்கும்போது, இதை நான் கோர்த்திருக்கலாம் என்று தோன்றும். அந்த எண்ணத்தை அதோடு நிறுத்திக்கொள்வேன். அங்கே என்னைப் போல் நிறையப் பேர் இருந்தார்கள்.

நான் திரும்பி வந்தபோது சைக்கிள் கடை மெலிந்திருந்தது. வாடகை சைக்கிளைக் கேட்பாரில்லை. மொபெட்டும் ஸ்கூட்டரும் வாசல்தோறும் நின்றன. 2006-07 கல்வியாண்டிலிருந்து கர்நாடக அரசு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு கொடுத்தது. தமிழ்நாட்டில் இது இன்னும் முன்பே வந்துவிட்டது. ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி வண்டி வைத்திருந்தால், ஒரே மாதிரி பழுது, ஒரே மாதிரி உதிரி. தொழிலுக்கு அதைவிட வசதி கிடையாது.

2017 ஜூனில் மைசூரில் ‘ட்ரிண் ட்ரிண்’ வந்தது. மாநில நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககம் நடத்திய பொது சைக்கிள் பகிர்வுத் திட்டம். 450 சைக்கிள், 48 நிலையம். அட்டையைக் காட்டி வண்டியை எடுத்து, வேறொரு நிலையத்தில் விட்டுவிடலாம். நாட்டிலேயே முதல் என்று அறிவித்தார்கள். அப்பா இருந்திருந்தால், நம்ம நோட்டுப் புத்தகத்தை அட்டையாக்கிவிட்டார்கள் என்று சொல்லியிருப்பார். இந்த வாடகை சைக்கிளுக்குத் தெருக்கடைக்காரன் தேவைப்படவில்லை. பழுதானால் அவர்கள் ஆளே வந்து எடுத்துப்போவார்.

மின்சார சைக்கிள் அப்படி இல்லை. அது எங்களிடம் வந்துதான் ஆக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பஞ்சர் எல்லாத் தெருவிலும் ஆகிறது.

பின்சக்கரத்துக்குள் மோட்டாரை வைக்கும் யோசனை புதிதென்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் ஊரைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவர் 1895 டிசம்பர் 31ஆம் தேதி இதற்குக் காப்புரிமை வாங்கினார். படத்தில் பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார், பிரேமின் முக்கோணத்துக்குள் பேட்டரி. 10 வோல்ட் பேட்டரி, 100 ஆம்பியர் வரை இழுக்கும் மோட்டார் என்று கணக்கு. மிஷெலின் டயர் வந்து நாலே வருடம் ஆகியிருந்தது. யோசனை சரி, பேட்டரிதான் ஈயக் கனம். லித்தியம் பேட்டரி வந்து எடை குறைய நூறு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்போது நம் ஊரில் ஓடுபவற்றில் பெரும்பாலும் 36 வோல்ட், 250 வாட். அந்த எண்ணுக்குக் காரணம் சட்டம்: 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்.

மோட்டார் உள்ளே போனதும் பின்சக்கரத்தின் அச்சுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலை வந்தது. பழைய சைக்கிளில் அச்சு சும்மா உட்கார்ந்திருக்கும்; எடையைத் தாங்கும், அவ்வளவுதான். மோட்டார் சக்கரம் சீலிங் ஃபேன் மாதிரி. வெளி ஓடு சுற்றுகிறது, நடுக் கம்பி நிற்கிறது, மின்சார ஒயர் அந்தக் கம்பிக்குள் புகுந்து வருகிறது. ஓடு ஒரு பக்கம் சுற்ற, கம்பி எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். ஃபேனில் அதைத் தடுக்க ஒரு போல்ட்டும் பின்னும் இருக்கும். சைக்கிளில் அதைத் தடுப்பது அச்சின் இரு பக்கமும் சீவியிருக்கும் தட்டை முகம். 12 மில்லிமீட்டர் அச்சை 10 மில்லிமீட்டருக்குச் சீவியிருப்பார்கள். அந்தத் தட்டை பிரேமின் பள்ளத்துக்குள் இறுக்கமாக உட்காரும். கிளம்பும்போது 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வந்தால், ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் அது கிட்டத்தட்ட 400 கிலோ பாரத்துக்குச் சமம். நெட்டு தளர்ந்திருந்தால் அச்சு பள்ளத்தை அரித்துக்கொண்டு புரளும். புரண்டால் உள்ளிருந்து வரும் ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். மோட்டாரும் போகும், சில சமயம் பிரேமும் போகும்.

இதற்காகத்தான் நாக்கு வைத்த ஒரு வாஷர் வருகிறது. அச்சின் தட்டையில் கோர்த்து, நாக்கு பிரேமின் பள்ளத்துக்குள் போக வேண்டும். தோற்றத்தில் சாதாரண வாஷர்தான். கடையில் இருக்கும் பையன் ஒருமுறை அதை வெளிப்பக்கம் பார்க்க மாட்டப் போனான். “அண்ணா, இது எப்படிப் போட்டா என்ன?” என்றான். முப்பது வருடம் முன்னால் அதே கடையில், ஸ்டாண்டு உள்ளேயா மட்கார்டுக் கம்பி உள்ளேயா என்று கேட்ட பையன்களின் முகம் அவனுக்கு.

ஆகவே இதைக் கழற்ற வேண்டியிருந்தால் நான் நிதானமாகத்தான் செய்வேன். முதலில் பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவேன். மோட்டார் ஒயரைப் பிரேமோடு கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டேகுகளை வெட்டி, இணைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அது தண்ணீர் புகாத, உருண்டையான சின்ன இணைப்பு. உள்ளே பெரும்பாலும் ஒன்பது ஊசி: மோட்டாரைச் சுற்றுவதற்கு மூன்று தடித்த கம்பி, சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்ல ஐந்து மெல்லிய கம்பி, வேகத்துக்கு ஒன்று. நேராக இழுக்க வேண்டும். திருகினால் ஊசி வளையும். கியர் இருந்தால் செயினைச் சின்னப் பல்லுக்குக் கொண்டுவந்துவிடுவேன். வண்டியைத் தலைகீழாகப் போடும்போது கைப்பிடியில் இருக்கும் திரை தரையில் மோதாமல் அடியில் கட்டை கொடுப்பேன். நெட்டு பெரும்பாலும் 18 மில்லிமீட்டர். பழைய 15 ஸ்பானர் இங்கே உதவாது. ஒயர் பக்கத்து நெட்டும் வாஷரும் ஒயரின் வழியாகவே உருவி வர வேண்டும். வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்துத் தொங்கவிடுவேன். இது அப்பாவின் பழக்கம். டிஸ்க் பிரேக் எண்ணெயில் இயங்குவதாக இருந்தால், சக்கரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது, கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளரின் பிள்ளை பக்கத்தில் நின்றால் இரண்டு கட்டைக்கும் நடுவில் அட்டை வைத்துவிடுவது உத்தமம்.

மாட்டும்போது அச்சின் தட்டை பள்ளத்தின் அடிவரை போயிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நெட்டை எடுப்பேன். ஒயர் வெளியே வரும் பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், கொஞ்சம் தொங்கலும் விட வேண்டும். மழைநீர் ஒயர் வழியாக வழிந்து மோட்டாருக்குள் போகாமல் தொங்கலில் சொட்டிவிடும். இணைப்பில் இரண்டு பக்கமும் ஒரு அம்புக்குறி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் பார்த்த பிறகு ஒரே தள்ளு. நெட்டு இரண்டையும் மாற்றி மாற்றி முடுக்கி, கடைசியில் 35இலிருந்து 40 நியூட்டன் மீட்டர். அதற்கென்று அளவு காட்டும் ஸ்பானர் ஒன்று வாங்கினேன். கையின் கணக்கையே நம்பி வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. ஆனால் இது அலுமினியப் பிரேம். இரும்பு மாதிரி பொறுத்துப் போகாது.

இவ்வளவு சொன்ன பிறகு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மின்சார சைக்கிளில் பின்சக்கரம் பஞ்சர் என்று வந்தால் நான் இதில் எதையும் செய்வதில்லை. வண்டியைச் சாய்த்து, இடது விளிம்பை நெம்பி, டியூபை இழுத்து, ஒட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறேன். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிற பையன்கள் சக்கரத்தைக் கழற்றாமல் ஒட்டுப் போட முடியாது என்று வேறெங்கோ கேட்டுவிட்டு வருவார்கள்; பத்து நிமிடத்தில் கிளம்பிப் போவார்கள். டியூப் மாற்ற வேண்டியவர்களுக்காக இப்போது இரண்டு முனையும் மூடிய, வளையமாக இல்லாத நீள டியூப் விற்கிறது. குடல் மாதிரி உள்ளே சுற்றிவிட்டு முனையோடு முனை சேர்த்தால் போதும், அச்சைத் தொட வேண்டாம். இதுவும் புதிது இல்லை. காற்றடைத்த டயர் வந்த ஆரம்ப காலத்திலேயே இந்த வெட்டு டியூப் இருந்தது.

சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஒரு கல்லூரி ஆசிரியர் தன் அப்பாவின் பழைய ரோட்ஸ்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் மோட்டார் மாட்ட வேண்டும் என்றார். அளந்து பார்த்தேன். மோட்டாரின் பின்னச்சுக்கு 135 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். இந்தப் பிரேமில் 110 சொச்சம்தான். மோட்டாருக்கு 36 கம்பி, அவர் ரிம்மில் 40 ஓட்டை. பிரேமை விரிக்கலாம், இரும்புதானே, விரியும். ஆனால் பின்னால் உள்ள அத்தனையும் மாற வேண்டும். முன்சக்கரத்தில் மோட்டார் வைத்தால் பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம் என்றேன். சாமுண்டி மலை ஏற வேண்டுமென்றால் அது சரிப்படாது, ஏற்றத்தில் எடை பின்னால் போய் முன்சக்கரம் வழுக்கும். அவர் போவது குக்கரஹள்ளி ஏரிக்கும் தேவராஜ மார்க்கெட்டுக்கும்தான். முன்சக்கரமே போதும் என்று முடிவாயிற்று. அங்கேயும் அவர் ரிம்மில் 32 ஓட்டை, மோட்டாருக்கு 36. வேறு ரிம் போட்டால் பழைய கம்பி பிரேக்கின் கட்டை அதில் பொருந்துமா என்பதுதான் இப்போது எங்களுக்குள் நடக்கும் பேச்சு. பழைய பிரேக்கை எடுத்துவிட அவர் சம்மதிக்கவில்லை.